சமமாகத் தெரிந்தவர்களிடம் சமமில்லாத கேள்வி

எதிர்ம எண்களைச் சோதிக்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டடத்தில் தரைத்தளத்துக்குக் கீழே இரண்டாவது தளத்தில் லிஃப்ட் நிற்கிறது. அங்கிருந்து ஏழு தளம் மேலே ஏறினால் எந்தத் தளத்துக்குப் போய்ச் சேரும்? கணக்காகப் பார்த்தால் −2உடன் 7ஐக் கூட்டும் வேலை, அவ்வளவுதான். பேஸ்மென்ட்டில் வண்டியை நிறுத்திவிட்டு மேலே ஏறிப் பழகிய சென்னைப் பிள்ளை ஒரே வாசிப்பில் விடை போட்டுவிடும். கொடைக்கானல் மலையடிவாரத்தில், மாந்தோப்புக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே இருக்கும் தேனி மாவட்டக் கெங்குவார்பட்டியில் வளர்ந்த பிள்ளை, மண்ணுக்குக் கீழே மாடி எப்படி வந்தது என்பதில் முதலில் தடுக்கி நிற்கலாம். அதே பிள்ளையிடம், தரைமட்டத்துக்கு 12 அடி கீழே கிடந்த கிணற்றுத் தண்ணீர் மழைக்குப் பிறகு 7 அடி ஏறினால் இப்போது எங்கே நிற்கும் என்று கேட்டால், −12உடன் 7ஐ அது வாயாலேயே கூட்டிச் சொல்லிவிடக்கூடும். இந்த முறை சென்னைப் பிள்ளை யோசிக்கும்.

இதைப் படித்தவுடன் லிஃப்ட் கேள்வி அநியாயம் என்று தீர்ப்பு எழுதத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். தடுக்கும் என்பது நம் ஊகம். தடுத்ததா என்பது கண்டுபிடிக்க வேண்டிய உண்மை. டிவியிலும் செல்போனிலும் லிஃப்டைப் பார்த்திராத பிள்ளை இன்று தேனி மாவட்டத்தில் ஏது என்று ஒரு ஆசிரியர் திருப்பிக் கேட்டால் பதில் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது. கேள்வியின் முகத்தைப் பார்த்து நியாயம் சொல்ல முடியாது என்பது தேர்வுகளை ஆராயும் துறை நூறாண்டுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பக் கற்ற பாடம். தமிழர்கள் அதைக் கற்காமல் இருக்க வழியே இல்லை. 1970களில் இலங்கையிலும் 2018இல் மதுரையிலும் தேர்வின் நியாயம் பற்றிய இந்தக் கேள்வி நம் பிள்ளைகளின் தலைமேலேயே விழுந்தது.

நவீன அறிவுத்திறன் சோதனையைத் தொடங்கிவைத்த ஆல்ஃபிரட் பினேயே இந்தச் சிக்கலில் சிக்கினார். 1905இல் பாரிஸில் அவர் உருவாக்கிய சோதனையை பெல்ஜியத்தில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகளிடம் நடத்திப் பார்த்தபோது, பாரிஸின் ஏழைப் பகுதிப் பிள்ளைகளைவிட அவர்கள் நன்றாகச் செய்திருந்தார்கள். பினே கேள்விகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். சிலவற்றில் அளக்கப்பட்டது அறிவே அல்ல. வீட்டில் புழங்கும் பேச்சும் பள்ளிக்கூடப் பழக்கமும்தான். அந்த மாதிரிக் கேள்விகளைக் கழிக்க முயன்றார். கேள்விவாரியாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே பிறந்துவிட்டது. எதை எதோடு ஒப்பிடுவது என்ற தெளிவுதான் வர நெடுங்காலம் பிடித்தது.

முதலில் எல்லோருக்கும் தோன்றுகிற ஒப்பீடு இது: இந்தக் கூட்டத்தில் இத்தனை சதவீதம் பேர் சரியாக எழுதினார்கள், அந்தக் கூட்டத்தில் இத்தனை சதவீதம். வித்தியாசம் பெரிதாக இருந்தால் கேள்வி கெட்டது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் காப்பீட்டு முகவர் உரிமத்துக்கான தேர்வை எதிர்த்து கோல்டன் ரூல் என்ற காப்பீட்டு நிறுவனம் 1976இல் வழக்குப் போட்டது. 1984இல் சமரசம் ஏற்பட்டது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சரியாக எழுதும் விகிதத்தில் 15 சதவீதப் புள்ளிக்கு மேல் இடைவெளி இல்லாத கேள்விகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று முடிவானது. தேர்வை நடத்திய இ.டி.எஸ். நிறுவனத்தின் தலைவரே சில ஆண்டுகளில் அந்த உடன்பாடு தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். காரணம் எளிது. ஒரு கூட்டத்துக்கு நல்ல பள்ளி கிடைக்காமல் போயிருந்தால், நியாயமான கேள்வியிலும் இடைவெளி வரும். அந்தக் கேள்வியைத் தூக்கி எறிந்தால் இடைவெளி கண்ணுக்குத் தெரியாமல் போகும். பள்ளிக்கூடம் அப்படியேதான் இருக்கும்.

இதன் மறுபக்கத்தை இலங்கைத் தமிழர்கள் அனுபவித்தார்கள். பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வில் தமிழ்மொழி மூலம் எழுதியவர்கள் மருத்துவத்திலும் பொறியியலிலும் அதிக இடங்களைப் பெற்றபோது, தமிழ் விடைத்தாள் திருத்தியவர்கள் கை தாராளமாக மார்க் போட்டுவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அது நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் 1971இல் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவர்களுக்கு 250, சிங்களமொழி மூலம் எழுதியவர்களுக்கு 229 என்று வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் வைக்கப்பட்டன. 1973இல் வந்த தரப்படுத்தல் முறை, ஒவ்வொரு மொழியிலும் தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் மாணவர்கள் தேர்வாகுமாறு மதிப்பெண்களை ஒரே அளவுகோலுக்கு மாற்றியது. அதன் அடியில் கிடந்த அனுமானம்: இரு மொழி மாணவர்களும் சராசரியில் ஒரே திறன் உள்ளவர்கள், ஆகவே மதிப்பெண் வித்தியாசம் முழுவதும் தேர்வின் கோளாறு. யாழ்ப்பாணத்தில் நல்ல அறிவியல் ஆய்வுக்கூடங்களோடு பள்ளிகள் இருந்தன என்ற உண்மைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. வித்தியாசத்தையும் அநியாயத்தையும் ஒன்றாகக் கருதினால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தத் தலைமுறை கொடுத்த விலை சாட்சி. கெங்குவார்பட்டிப் பிள்ளைக்காகப் பேசுகிறவர்களும் இந்தத் தவறைச் செய்துவிடக்கூடாது என்பதால்தான் இதை இத்தனை விரிவாகச் சொல்கிறேன். நம் பக்கம் சாதகமாக இருக்கும்போது மட்டும் ஒரு தவறான கணக்கு சரியான கணக்கு ஆகிவிடாது.

அப்படியானால் சரியான ஒப்பீடு எது? சமமாகத் தெரிந்தவர்களைச் சமமாக நிறுத்திப் பார்ப்பது. அதற்கான கணக்குமுறை புற்றுநோய் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1959இல் நேதன் மான்டெல், வில்லியம் ஹென்ஸல் என்ற இருவர், நோயாளிகளை வயது போன்றவற்றால் பிரிவு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஒப்பிட்டு, பிறகு எல்லாவற்றையும் ஒரே எண்ணாகத் தொகுக்கும் வழியைச் சொன்னார்கள். பால் ஹாலண்டும் டோரதி தேயரும் 1988இல் அதைத் தேர்வுக்குக் கொண்டுவந்தார்கள். வயதுக்குப் பதில் மொத்த மதிப்பெண், நோய்க்குப் பதில் குறிப்பிட்ட ஒரு கேள்விக்கான விடை.

ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு தேர்வில் மொத்தத்தில் ஒரே மதிப்பெண் எடுத்த தமிழ்வழி மாணவர் 100 பேரையும் ஆங்கிலவழி மாணவர் 100 பேரையும் எடுக்கிறோம். ஒரு கேள்வியை ஆங்கிலவழியில் 70 பேரும் தமிழ்வழியில் 65 பேரும் சரியாக எழுதினால், இ.டி.எஸ். வகுத்த அளவுகோலில் அது புறக்கணிக்கத்தக்க வேறுபாடு, ‘ஏ’ பிரிவு. அதே கேள்வியில் தமிழ்வழியில் 50 பேர்தான் சரி என்றால், அளவு 2 புள்ளியை ஒட்டி வரும். பெரிய வேறுபாட்டைக் குறிக்கும் ‘சி’ பிரிவின் எல்லையான 1.5ஐத் தாண்டிவிடும். எல்லா மதிப்பெண் நிலைகளிலும் இதே சாய்வு தொடர்ந்தால், பாடத்தில் சமமாகத் தெரிந்தவர்களை அந்தக் கேள்வி மொழி பார்த்துப் பிரித்திருக்கிறது என்று சொல்லலாம். வினாவின் வேறுபட்ட செயல்பாடு என்று இதைத் தமிழில் அழைக்கலாம்.

சில கேள்விகளில் சாய்வு ஒரே சீராக இருப்பதில்லை. கெட்டிக்கார மாணவர் தமிழ்வழியோ ஆங்கிலவழியோ சமாளித்துவிடுவார். நடுத்தர மாணவர் மட்டும் மாட்டிக்கொள்வார். மான்டெல்-ஹென்ஸல் முறை அதைச் சில சமயம் தவறவிடும். ஹரிஹரன் சுவாமிநாதனும் ஜேன் ராஜர்ஸும் 1990இல் முன்வைத்த லாஜிஸ்டிக் சமன்பாட்டு முறை அந்தக் குறையை நிரப்பியது. வேறு முறைகளும் உண்டு. பொது வாசகருக்கு அவற்றின் நுணுக்கம் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் அடிப்படை, சமமானவர்களோடு சமமானவர்களை ஒப்பிடுவதே.

இனி 2018க்கு வருவோம். அந்த ஆண்டு மே 6ஆம் தேதி சி.பி.எஸ்.இ. நடத்திய, மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வைத் தமிழில் எழுத விண்ணப்பித்தவர்கள் 24,720 பேர். 180 கேள்விகள், 720 மதிப்பெண். சரிவிடைக்கு 4, தப்புக்கு ஒன்று கழிவு. தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருப்பதாகக் கல்வியாளர்கள் பட்டியலிட்டார்கள். சிறுத்தை என்று வர வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுத்துக்கூட்டி ‘சீத்தா’ என்று அச்சிட்டது ஊர் முழுக்கப் பேசப்பட்டது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த டி.கே. ரங்கராஜன் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தார். தேனி மாவட்டமும் அந்தக் கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது. ஜூலை 10ஆம் தேதி நீதிபதிகள் சி.டி. செல்வம், ஏ.எம். பஷீர் அகமது அமர்வு, 49 கேள்விக்கும் நான்கு நான்காக 196 கருணை மதிப்பெண் தந்து தரவரிசையைத் திருத்தச் சொன்னது. அதே மாதம் 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது, நவம்பரில் ரத்துசெய்தது.

இரண்டு தரப்பிலும் உணர்ச்சி மிகுந்திருந்த வழக்கு அது. என் வருத்தம் வேறு. பிழை இருந்தது என்பதற்கும், பிழை பாதித்தது என்பதற்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. அந்தப் படியில் யாரும் கால் வைக்கவில்லை. எல்லாப் பிழையும் ஒரே கனம் உள்ளவை அல்ல. ஒரு எழுத்து மாறி அச்சாகியிருந்தாலும் பொருள் புரிந்துவிடும் கேள்விகள் இருக்கும். ஒரே ஒரு சொல் தவறி விடையே மாறிப்போகும் கேள்விகளும் இருக்கும். 49ஐயும் ஒரே எடையில் நிறுத்தினால், பாதிக்கப்படாத கேள்விக்கும் மதிப்பெண் தருகிறோம். அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே சரியாக எழுதியவருக்கும் தருகிறோம். 196ஐ அப்படியே கூட்டினால் 524க்கு மேல் எடுத்த ஒருவர் 720ஐயே தாண்டிவிடுவார். தீர்ப்பு நிற்க முடியாமல் போனதற்கு இந்தக் கணக்கே வழி திறந்துவிட்டது. மறுபக்கம், ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்று அறிவுரையில் அச்சிட்டிருக்கிறோம் என்பதும் பதில் ஆகாது. இருமொழி வினாத்தாளில் ஆங்கிலத்தைப் பார்த்துத் தப்பித்துக்கொள்ளக்கூடியவர் யார்? ஆங்கிலம் ஓரளவு வருகிறவர். அது வராததால் தமிழைத் தேர்ந்தெடுத்த பிள்ளையிடம் ஆங்கிலத்தைப் பார் என்று சொல்வது, அந்தத் தேர்வு இயற்பியலையும் உயிரியலையும் மட்டும் அளக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதாகும்.

செய்திருக்கக்கூடியது என்ன? 49ஐ ஒதுக்கிவிட்டால் பிழை சொல்லப்படாத கேள்விகள் 131 மிஞ்சுகின்றன. இந்தத் துறையில் அளவுகோலைச் சுத்தம் செய்வது என்று ஒரு வழக்கம் உண்டு: சந்தேகத்துக்குரிய கேள்விகளை மொத்த மதிப்பெண்ணிலிருந்து நீக்கிவிட்டு, மிச்சத்தை வைத்து மாணவர்களை இணை சேர்ப்பது. அந்த 131இல் ஒரே மதிப்பெண் எடுத்த தமிழ் மொழித் தேர்வரையும், தமிழ்நாட்டிலேயே ஆங்கிலத்தில் எழுதிய தேர்வரையும் இணையாக நிறுத்தி, 49 கேள்வியையும் ஒவ்வொன்றாகச் சோதித்திருக்கலாம். ஒவ்வொரு கூட்டத்திலும் சில நூறு பேர் இருந்தாலே இந்தக் கணக்கு நடக்கும். இங்கே 24,720 விண்ணப்பம். விடைத்தாள்கள் எல்லாம் கணினியில் இருந்தவை. எந்தக் கேள்வி ‘சி’ பிரிவில் விழுந்தது, எது ‘ஏ’ பிரிவிலேயே நின்றது என்று தெரிந்திருக்கும். எத்தனை கேள்வி என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது; ஆனால் எத்தனையாக இருந்தாலும், எல்லோரையும் பொறுத்து அந்தக் கேள்விகளை மட்டும் மதிப்பீட்டிலிருந்து விலக்குவது போன்ற, எந்த நீதிமன்றத்திலும் நிற்கக்கூடிய ஒரு தீர்வு கைக்கு வந்திருக்கும்.

மொழிபெயர்ப்பு கேள்வியை எப்படியெல்லாம் திருப்பிவிடும் என்பதற்கு உலகெங்கும் சான்றுகள் உண்டு. இஸ்ரேலின் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வை ஹீப்ருவிலிருந்து ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோனபோது, மொழித்திறன் பகுதியின் 125 கேள்விகளில் 42 வேறுபட்டுச் செயல்பட்டதாக 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. சொல்லுக்குச் சொல் உறவு கேட்கும் கேள்விகளே மிகவும் பாதிக்கப்பட்டிருந்தன. சில நேரம் மொழிபெயர்ப்பு கேள்வியை எளிதாக்கியும் விடும். சவ்வுக் கால் உள்ள பறவை எங்கே வாழும் என்ற கேள்வி ஸ்வீடிஷ் மொழிக்குப் போனபோது ‘நீந்தும் கால்’ என்று ஆகி, விடையைத் தானே சொல்லிவிட்ட கதையை ரொனால்ட் ஹாம்பிள்டன் எழுதியிருக்கிறார். இந்தியாவில் குடிமைப் பணித் தேர்வின் சிசாட் தாளில் ‘ஸ்டீல் பிளான்ட்’ என்ற எஃகு ஆலை இந்தியில் இரும்புச் செடியாக அச்சானது போன்ற குறைகளால், 2014இல் தில்லித் தெருக்களில் போராட்டமே நடந்தது. 2015 முதல் அந்தத் தாள் 33 சதவீதம் எடுத்தால் போதும் என்ற தகுதித்தாள் ஆனது. அங்கேயும் கேள்விவாரியான கணக்கு விவாதத்தின் மையத்துக்கு வரவில்லை. எதிர்ப்பின் அளவே முடிவைத் தீர்மானித்தது.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பிசா என்ற சர்வதேச மாணவர் தேர்வில் இமாச்சலப் பிரதேசத்தோடு தமிழ்நாடும் பங்கேற்றது. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது 74 இடங்களில் தமிழ்நாடு 72ஆவது, இமாச்சலம் 73ஆவது. கேள்விகள் இந்தியப் பிள்ளைகளின் சமூகப் பண்பாட்டுச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி இந்தியா அடுத்த சுற்றுகளிலிருந்து விலகியது. பிசா வெளியிட்ட பழைய கணக்குகளில் ஒன்றில் எரிக் என்ற பையன் ஸ்கேட்போர்டுக்குப் பாகங்கள் வாங்கக் கடைக்குப் போகிறான். விலையெல்லாம் ‘ஜெட்’ என்ற, எந்த நாட்டிலும் இல்லாத நாணயத்தில் இருக்கும். எந்த நாட்டுப் பிள்ளைக்கும் தன் காசு என்ற சலுகை கிடைக்கக்கூடாது என்ற அக்கறை அந்த நாணயத்தில் தெரிகிறது. ஸ்கேட்போர்டில் அந்த அக்கறை இல்லை. இருந்தாலும், பொருந்தாத சில கேள்விகளால் மட்டும் அந்த 72ஆவது இடம் வந்தது என்று நான் நம்பவில்லை. வாசிப்பில் நம் பிள்ளைகள் பின்தங்கியிருந்தது உண்மை. அதற்குக் கேள்வித்தாளைக் குற்றம் சொல்லி நழுவுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். எந்தக் கேள்வி, எவ்வளவு சாய்ந்தது என்று காட்டியிருந்தால் அந்த எதிர்ப்புக்கு மதிப்பு இருந்திருக்கும்.

சாய்வு தெரிந்த கேள்வி எல்லாமே அநியாயமானதும் அல்ல. மாமரத்தின் பூங்கொத்தைப் பற்றிய தாவரவியல் கேள்வியில், கெங்குவார்பட்டி இருக்கும் பெரியகுளம் வட்டாரத்துப் பிள்ளைகள் சம அறிவுள்ள நகரத்துப் பிள்ளைகளை முந்தலாம். மாமரத்தை அறிவது தாவரவியலின் ஒரு பகுதிதானே. அந்தச் சாதகம் அவர்கள் உழைத்தும் பார்த்தும் பெற்றது. லிஃப்டை அறிவது கணக்கின் பகுதி அல்ல. எண் சாய்வைக் காட்டும். அந்தச் சாய்வுக்குக் காரணமான அறிவு பாடத்துக்குள் அடங்குமா என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மனிதர் முதலில் பார்த்து இது சாயும், இது சாயாது என்று ஊகிக்கும் பட்டியல், பின்னால் வரும் கணக்கோடு பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை என்பது பல நாடுகளில் கண்ட அனுபவம். ஆகவே கணக்கு முதலில், விளக்கம் பிறகு.

இந்த முறையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மொத்த மதிப்பெண்ணை வைத்தே இணை சேர்க்கிறோம். மொத்தத் தேர்வே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், ஒவ்வொரு கேள்வியும் அதே அளவு சாய்ந்து, எதுவும் தனியாகத் தெரியாது. நீட் வந்த பிறகு அரசு மருத்துவக் கல்லூரிகளில் தமிழ்வழி மாணவர்களின் பங்கு 14 சதவீதத்தை ஒட்டிய நிலையிலிருந்து 2, 3 சதவீதத்துக்குச் சுருங்கியதாக 2021இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு காட்டியது. அந்தச் சரிவு கேள்விகளின் சாய்வு அல்ல. பாடத்திட்ட வேறுபாடு, இரண்டாம் முறை மூன்றாம் முறை எழுதும் வசதி, லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் கோச்சிங் மையம் எல்லாம் சேர்ந்தது அது. 180 கேள்வியும் குற்றமற்றவை என்று நாளை நிரூபணமானாலும் அந்தச் சரிவு அங்கேயே இருக்கும். அதற்கு மருந்து வேறு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அந்த வகையைச் சேர்ந்தது. இரண்டையும் குழப்பினால் இரண்டுமே கெட்டுப்போகும்: நியாயமான கேள்வியைத் தூக்கச் சொல்வோம், அநியாயமான கேள்வியை ஒதுக்கீட்டால் மூடப் பார்ப்போம்.

இன்னொரு எல்லை எண்ணிக்கை. கெங்குவார்பட்டிப் பள்ளி ஒன்றில் ஒரு வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் இந்தக் கணக்குக்குப் போதமாட்டார்கள். ஊர்ப் பெயரால் இந்தச் சாய்வை அளக்க முடியாது. மலையடிவாரக் கிராமங்கள், தமிழ்வழி, முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகள் என்று கூட்டம் சேர்க்க வேண்டும். மாநிலம் தானே நடத்தும் தேர்வுகளில் இது கைக்கெட்டும் வேலை. 2025 பிப்ரவரியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு நடந்த மாநில அடைவு ஆய்வு போன்றவற்றில் லட்சக்கணக்கான பிள்ளைகளின் விடைகள் சேர்கின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் மொத்த மதிப்பெண் நிலை, பயிற்றுமொழி, பாலினம், கிராமம்-நகரம் என்று பிரித்து, பெயர் நீக்கி, சரிவிடை விகிதங்களை வெளியிட்டால் மதுரையிலோ காரைக்குடியிலோ இருக்கும் ஒரு பல்கலைக்கழக மாணவரே மீதியைச் செய்துவிடுவார். சி.பி.எஸ்.இ.யிடமிருந்து நீட் தேர்வை ஏற்றுக்கொண்ட தேசியத் தேர்வு முகமையிடமும் கேட்க வேண்டியது இதைத்தான். விடைக்குறிப்பும் ஒவ்வொருவருக்கும் அவரவர் விடைத்தாளும் கிடைப்பதால் தனிமனிதரின் சந்தேகம் தீரலாம். தமிழ்த்தாள் முழுவதும் எப்படி நடந்துகொண்டது என்பது அதில் தெரியாது.

எண்கள் ஒரு கேள்வியைச் சுட்டிக்காட்டிய பிறகு, கெங்குவார்பட்டிக்கு வர வேண்டும். அறையில் உட்கார்ந்த நிபுணர் குழுவுக்கு அந்த வேலை தெரியாது. இந்தப் பிள்ளைகளை அறிந்த ஒரு கணக்கு ஆசிரியர், கேள்வியைத் தவறாக எழுதிய நான்கைந்து பேரை உட்காரவைத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லி, எந்தச் சொல்லில் நின்றார்கள் என்று கேட்க வேண்டும். லிஃப்ட் என்ற சொல்லில் நிற்கவே இல்லை, ‘தரைத்தளம்’ என்பதை ஒன்றாவது மாடி என்று எண்ணத் தொடங்கியதில்தான் ஒன்று கூடிப்போனது என்று ஒரு பிள்ளை சொல்லலாம். அப்படியானால் லிஃப்டை எடுத்துவிட்டுக் கிணற்றை வைக்கத் தேவையில்லை. தரைத்தளம் பூஜ்யம் என்று கேள்வியிலேயே ஒரு வரி சேர்த்தால் போதும்.